முத்திரைத்தாளில் எழுதுகிற பயம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், தினமும் எழுதும் பழக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டால் எழுத்து தானாக வரும் என்று சொல்லி, ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரோலோப்பை உதாரணம் காட்டியிருந்தீர்கள். தபால் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 வார்த்தை எழுதிய மனிதர், உண்மைதான். ஆனால் அந்த நேரத்துக்கு அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்காகவே ஒரு வேலையாளுக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம் கொடுத்திருக்கிறார், அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் ஐந்தரைக்குப் பால் வாங்கப் போவதே நான்தான்.

நான் 30 வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். கிரையம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில் என்று எத்தனை ஆயிரம் எழுதியிருப்பேனோ கணக்கில்லை. ஒரு நாள்கூட ‘இன்றைக்கு மூடு இல்லை, நாளைக்கு வாருங்கள்’ என்று யாரையும் திருப்பி அனுப்பியதில்லை, எதிர் பெஞ்சில் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பார்ட்டி உட்கார்ந்திருக்க, ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருக்கும்போது மூடாவது ஒன்றாவது. அப்படிப்பட்டவன் தொழிலை விட்ட பிறகு, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம் என்று ஒரு நீள நோட்டு வாங்கினேன். நாலு வருஷம் அதில் பிள்ளையார் சுழி மட்டும்தான் இருந்தது. உட்கார்ந்தால் பேனா சரியில்லை என்று தோன்றும், பேனா மாற்றினால் மின்விசிறிச் சத்தம், அதையும் நிறுத்தினால் மாத்திரை சாப்பிட்டோமா என்று சந்தேகம்.

காரணம் சோம்பேறித்தனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். அது இல்லை. முத்திரைத்தாளில் ஓர் எழுத்து அடித்தால்கூட அதைப் பத்திரத்தின் கடைசியில் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் பயம் கையில் ஊறிப்போய்விட்டது. பத்திரத்துக்கே முதலில் வெள்ளைத்தாளில் டிராஃப்ட் போட்டு, பார்ட்டிக்கு வாசித்துக் காட்டி, தாத்தா பெயரில் இனிஷியல் தப்பு, சர்வே நம்பரில் உட்பிரிவு விட்டுப்போச்சு என்று நாலு திருத்தம் செய்த பிறகுதான் முத்திரைத்தாளைத் தொடுவோம். அப்பா கதையை மட்டும் நேராக முத்திரைத்தாளிலேயே எழுதப் பார்த்திருக்கிறேன்.

இது புரிந்த அன்று மதியம், வேறு எதுவும் வராததால், கை பழகிய வேலையைச் செய்தேன். அப்பாவின் கடைக்கு நான்கு எல்லை எழுதினேன். வடக்கே தேரோடும் வீதி, கிழக்கே மாவு மில், தெற்கே குளத்துக்குப் போகும் சந்து, மேற்கே செட்டியார் வீட்டுச் சுவர். இதன் மத்தியில் கிழமேல் ஜாதியடி 9, தென்வடல் 14, அதாவது கிழக்கு மேற்காக 9 அடி, தெற்கு வடக்காக 14 அடி. சுவர் என்று எழுதியதும் அதில் சாய்ந்து நின்ற சைக்கிள்கள் ஞாபகம் வந்தன, ஒவ்வொன்றின் மட்கார்டிலும் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ஏழாம் நம்பர் வண்டிக்கு மட்டும் பெல் கிடையாது, அதை யார் எடுத்தாலும் அப்பா கால் ரூபாய் குறைத்துக்கொள்வார். அன்றைக்கு இரண்டு பக்கம் போனது.

அதிலிருந்து மதியம் இரண்டரை மணி, சாப்பிட்டு வீடே படுத்திருக்கும் நேரம், இருபது நிமிஷம் என்று வைத்துக்கொண்டேன். அதிகம் வந்தாலும் நிறுத்திவிடுவேன், மிச்சம் மறுநாளைக்கு. அடித்தல் திருத்தல் ஏராளம். நடுவில் பேத்தி காதுகுத்து, அலைச்சல், காய்ச்சல் என்று பதினோரு நாள் விட்டுப்போனது, முன்பாக இருந்தால் அத்தோடு நோட்டு பரணுக்குப் போயிருக்கும். விட்ட நாட்களைச் சேர்த்து எழுதி ஈடுகட்டப் பார்க்கவில்லை, பன்னிரண்டாம் நாள் அந்த நாளுக்கானதை மட்டும் எழுதினேன். புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761-இல் கண்மூடும் வரை எழுதிய நாட்குறிப்பிலும் எழுதாத நாட்கள் இருக்கின்றன. அவர் வியாபாரி, வந்த கப்பல், கேட்ட வதந்தி, யாருக்கு என்ன மரியாதை நடந்தது என்று பேரேடு போல எழுதிக்கொண்டு போனார், இலக்கியம் படைக்கிறோம் என்று உட்கார்ந்திருந்தால் முதல் மாசமே நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக உங்களிடம் ஒரு விண்ணப்பம். உ.வே.சா. தம் சுயசரிதையை ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியபோது வருஷம் 1940, அவருக்கு வயது 85-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. 1942-இல் அவர் காலமாகும் வரை போய், முடியாமலே நின்றது. வாரம் தவறாமல் கேட்க ஒரு பத்திரிகை இருந்ததால்தான் அவ்வளவாவது கிடைத்தது என்று நான் நம்புகிறேன். நீங்களும் வாரம் ஒரு கால் பத்தி இடம் ஒதுக்கி, ஒரு தலைப்பும் கடைசித் தேதியும் போடுங்கள், ‘எங்கள் தெருவின் நான்கு எல்லை’ என்பது போல ஏதாவது. பரிசு எல்லாம் வேண்டாம். புதன்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
மன்னார்குடி.