கடைக்கார அண்ணாச்சிக்கும் மத்த எல்லாருக்கும் நன்றி

நேத்து சாயங்காலம் ஹவுஸ் ஓனர் அக்ரிமெண்ட்ல கையெழுத்து போட்டுட்டாரு. இன்னும் பதினோரு மாசத்துக்கு எங்க சித்தியும் கூட இருக்கற மூணு பேரும் அதே வீட்லதான். சித்தி பல வருஷம் மனநல ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தவங்கன்னு தெருவுல சிலர் வீட்ட காலி பண்ணச் சொன்னது உங்களுக்கே தெரியும், முழுசா திரும்ப எழுத தெம்பு இல்ல.

முதல்ல மளிகைக்கடை அண்ணாச்சி. சித்தி ஆஸ்பத்திரில இருந்து வந்த புதுசுல கடை வாசல்ல சும்மா நின்னுட்டு திரும்பிடுவாங்க, அத்தன வருஷமா காசுங்கறதே அவங்க கையில இருந்ததில்ல. ஒருநாள் அண்ணாச்சி ஒரு நீள நோட்டு எடுத்து பிள்ளையார் சுழி போட்டு சித்தி பேர எழுதி, "அக்கா, இது உங்க கணக்கு, வேணுங்கறத வாங்குங்க, மாசம் பொறந்தா பாத்துக்கலாம்"னுட்டாரு. என் பேர்லயோ ஹெல்பர் பேர்லயோ இல்ல, சித்தி பேர்ல! கால் கிலோ ரவை, ஒரு ஹமாம், பத்து ரூவா வெத்தலை. வெத்தலைய யாருகிட்டயும் கேக்காம அவங்களா வாங்குனாங்க. தெருவுல காலி பண்ணச் சொல்லி கையெழுத்து வாங்க வந்தப்பவும், "மாசக் கணக்க கரெக்டா தீக்கறவங்க, நான் எதுக்குங்க போடணும்"னு பேப்பர திருப்பிக் குடுத்துட்டாரு. நானா இருந்தா சண்டைக்குப் போயிருப்பேன்.

பக்கத்து வீட்டு டீச்சர், மாத்திரைய வேளைக்குப் பாத்துக்கற ஹெல்பர் தங்கச்சி, ஓனர்கிட்ட பொறுமையா பேசுன வக்கீல் சார், வாட்சப்ல ஆறுதல் சொன்னவங்க, எல்லாருக்கும் கும்பிடு. 2017 மனநலச் சட்டத்துல 19-ஆம் பிரிவு இருக்குன்னு வக்கீல் சார் சொல்லித்தான் தெரியும், குடும்பம் ஏத்துக்கல, வீடு இல்லங்கறதுக்காக மட்டும் ஒருத்தர ஆஸ்பத்திரிலயே வச்சிருக்கக்கூடாதாம். சட்டம் சரி, வாடகைக்கு வீடு குடுக்க ஆள் வேணுமே. மனநலம் பாதிச்சவங்களுக்காக வேலை செய்யற பான்யன் அமைப்புக்காரங்க 2015-ல இருந்து ஹோம் அகெய்ன்னு சாதாரணத் தெருவுலயே வீடு எடுத்து நாலஞ்சு பேரா தங்க வைக்கறாங்க, நம்ம வீடும் அத பாத்து எடுத்ததுதான்.

சித்தி வார்டுல கூட இருந்தவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க, குணமாகி ரொம்ப நாளாச்சு, கூட்டிட்டுப் போக ஆள் இல்ல. அவங்களுக்கும் ஒரு வீடு புடிக்காம விடறதில்லன்னு இருக்கேன். கீழ்வீடா இருந்தா நல்லது, ஒருத்தருக்கு முட்டிவலி, மாடி ஏற முடியாது. தெரிஞ்ச ஓனர் இருந்தா சொல்லுங்க, அட்வான்ஸ் பத்தி நேர்ல பேசிக்கலாம்.