மூலநிரலைப் பூட்டி வைக்காதீர்கள்: புதுவை, கடலூர் விளையாட்டு உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களுக்கு,

புதுச்சேரியிலும் கடலூரிலும் தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ கணினி விளையாட்டு செய்துகொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். போன மாதம் புதுவைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினோமே, அன்று மூலநிரலை, அதாவது விளையாட்டை இயக்க நாம் எழுதும் கட்டளைகளை, யாரும் படிக்கும்படி வெளியிடுவது பற்றிப் பேச்சு வந்தது. "மூன்று வருடம் கண்விழித்து எழுதியதைக் கொண்டுபோய்த் தெருவில் வைக்கச் சொல்கிறீர்களா?" என்று ஒரு தம்பி கேட்டார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

2011-இல் நான் கைபேசிக்கு ஒரு பல்லாங்குழி விளையாட்டு எழுதினேன். அந்த டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி அறையின் சிமென்ட் ஷீட்டுகள் பறந்தன. கணினியும், நகல் எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கும் ஒரே மழையில் நனைந்தன. பல நாள் கழித்து மின்சாரம் வந்தது. ஹார்ட் டிஸ்க் டிக், டிக் என்றதோடு சரி.

மூலநிரல் போய்விட்டது, விளையாட்டு மட்டும் பிழைத்தது. ப்ளூடூத்தில் அனுப்பிய ஒரு பிரதி அத்தையின் நோக்கியாவில் இருக்கிறது. அதில் ஒரு பிழையும் இருக்கிறது. ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் பசு. அந்தக் குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். என் விளையாட்டிலோ கடைசிக் குழியில் பசு விழுந்தால் எதிராளியின் கணக்கில் சேர்ந்துவிடும். எங்கோ ஒரு சமக்குறி விட்டுப்போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். அளவைக் குறைப்பதற்காக மாறிகளின் (நிரலில் எண்ணிக்கைகளைச் சேர்த்து வைக்கும் இடங்களின்) பெயர்களையெல்லாம் ஏ, பி, சி என்று அன்று நானே சுருக்கியிருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தும் எந்த 'ஏ' பசுவை எண்ணுகிறது என்று பிடிபடவில்லை. இன்றும் அந்தக் குழியில் பசு விழுந்தால் அத்தை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். அந்த நிரல் நான்கு பேர் கையில் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

திருட்டுப் பயம் பொய்யில்லை. 2010-இல் விரும்பிய விலை கொடுத்து வாங்கும் ஒரு தொகுப்பு விற்பனை பத்து லட்சம் டாலரைத் தாண்டியதும் லுகாரு உள்ளிட்ட சில விளையாட்டுகளின் நிரல் வெளியானது. அடுத்த வருடமே யாரோ ஒருவர் அதே லுகாருவை மேக் கணினிக் கடையில் மிகக் குறைந்த விலைக்கு விற்றார். நிரலைத்தான் பொதுவில் வைத்திருந்தார்கள். படங்களை விற்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதனால்தான் முறையிட வழி இருந்தது. நம் தம்பி கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நிரல் வேறு, விளையாட்டு வேறு. 1993-இல் வந்த டூம் என்ற சுடும் விளையாட்டின் நிரலை, அதை எழுதிய ஜான் கார்மாக் 1997 டிசம்பரில் வெளியிட்டார். ஒலிப் பகுதி வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் அதை விட்டுவிட்டார். கட்டங்கள், பூதங்கள், இசை எதையும் கொடுக்கவில்லை. டூம் இன்றும் விலைக்குத்தான் விற்கிறது. மின்டஸ்ட்ரி என்ற விளையாட்டின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அப்படியிருந்தும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆடுபுலி ஆட்டத்தின் கட்டம் கோயில் மண்டபத் தரையில் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறது. பார்த்தவர்களெல்லாம் புலியை மடக்கிவிட்டார்களா?

உண்மையில் நம்மைத் தடுப்பது திருட்டுப் பயத்தைவிடக் கூச்சம்தான் என்று நினைக்கிறேன். 'என் நிரல் அலங்கோலமாக இருக்கிறது' என்று கடற்கரையில் மூன்று பேர் என்னிடம் தனியாகச் சொன்னீர்கள். ஆங்கில 'வி' எழுத்தை ஆறு முறை அடுக்கிய பெயர் கொண்ட விளையாட்டை டெரி கவனா 2010-இல் வெளியிட்டார். பத்து வருடம் கழித்து அதன் நிரலையும் வெளியிட்டார். எந்த நிலையில் எது நடக்க வேண்டும் என்று பிரித்தனுப்பும் 'ஸ்விட்ச்' கட்டளை ஒன்றிலேயே நூற்றுக்கணக்கான நிலைகளை அடுக்கியிருந்தார். அவ்வளவு நல்ல விளையாட்டுக்குள் இப்படியா என்று பார்த்தவர்கள் வியந்தார்கள். புதிதாக எழுத வருகிற பிள்ளைக்கு அதைவிடத் தைரியம் தருவது வேறென்ன?

தமிழில் செய்கிற நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கெ' என்பதில் ககரம் முதலில், கொம்பு பிறகு; திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் பிரிய வேண்டும். எழுத்தை வரிசைப்படி மட்டும் வரையும் மென்பொருளில் 'கொடி' கொடியாக வராது. இதற்காக ஒருவர் சொற்களையெல்லாம் படமாக்கினார், ஒருவர் பழைய எழுத்துருவுக்குப் போனார், நான் நாற்பது வரியில் ஒரு துணைநிரல் எழுதினேன். நாற்பது கிலோமீட்டருக்குள் இருந்துகொண்டு ஒரே முடிச்சை ஆளுக்கொரு பக்கம் அவிழ்த்துக்கொண்டிருந்தோம். பிறகு 2023-இல், விளையாட்டு செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பு அதைச் சரியாக வரைந்தது. உங்களில் பாதிப் பேர் இன்று அதில்தான் வேலை செய்கிறீர்கள். அதை உருவாக்கிய அர்ஜென்டினாக்காரர்கள் 2014-இல் நிரலைத் திறந்து வைத்ததால் நம் கைக்கு வந்தது.

விளையாட்டு வந்த அன்றே நிரலைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பலர் இணையத்தில் மோதிக்கொள்ளும் விளையாட்டென்றால் பொறுத்திருங்கள். குவேக் என்ற அப்படிப்பட்ட விளையாட்டின் நிரல் 1999-இல் வெளியானதும் ஏமாற்று ஆட்டக்காரர்கள் பெருகினார்கள். மற்றவர்கள் விற்பனை ஓய்கிறவரை காத்திருங்கள், ஆனால் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். அதுவரை ஒரு பிரதி உங்கள் வீட்டுக் கூரைக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். எந்த உரிமம், அதாவது மற்றவர்கள் நிரலை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று எழுதி வையுங்கள். உரிமம் எழுதாமல் வெளியிட்டால் யாரும் சட்டப்படி தொட முடியாது.

என் ஆடுபுலி ஆட்டத்தின் நிரலை வரும் ஞாயிற்றுக்கிழமை ஜிபிஎல் உரிமத்தில் (மாற்றி வெளியிடுபவர்களும் நிரலைத் திறந்தே வைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை) வெளியிடுகிறேன். படங்களும் பெயரும் என்னிடமே இருக்கும். அன்று காலை பத்து மணிக்கு மஞ்சக்குப்பம் வீட்டுக்கு மடிக்கணினியோடு வாருங்கள். நிரலுக்குள் மறந்துபோன கடவுச்சொற்களையும், விலைக்கு வாங்கிய எழுத்துருக்களையும் தேடி எடுப்பதுதான் அலுப்பான வேலை. அதைச் சேர்ந்தே செய்துவிடலாம். கேள்வி கேட்ட தம்பி அவசியம் வர வேண்டும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்களில் ஒருவன்