கேமராவில் இன்னும் இருக்கும் கேசட் காலத்துக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடியோத் தொழில் பழக வரும் இளைஞர்களிடம் ‘பால்’ (PAL), ‘என்டிஎஸ்சி’ (NTSC), ‘ஃபீல்ட்’, ‘ரோல்’ எல்லாம் கேசட் காலத்துச் சொற்கள், விட்டுவிடலாம் என்று சொல்வதைக் கேட்கிறோம். கருவிகள் போனது உண்மை. அவற்றோடு வந்த கணக்கு போகவில்லை. பயிற்சியில் அதைச் சொல்லித்தராமல் விட்டால் படம் கெடுகிறது.

‘பால்’ 1960-களில் ஜெர்மனியில் உருவான அனலாக் வண்ண முறை. 1982-ல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு வந்தபோது நம் நாடு இதைத்தான் எடுத்துக்கொண்டது. இன்றைய கேமரா கார்டில் எழுதும் படத்தில் அந்த வண்ண முறை துளியும் இல்லை. ஆனாலும் மெனுவில் ‘பால்’ வைத்தால் நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம், அதாவது தனிப்படம். அமெரிக்காவின் பழைய வண்ண முறையான ‘என்டிஎஸ்சி’ என்றால் 29.97 அல்லது 59.94. எது வந்தால் என்ன என்று விட முடியாது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் ஒரு ஃபிரேமில் சரியாக 2 துடிப்பு, 1/100 என்றால் 1. என்டிஎஸ்சி-யில் ஷட்டர் 1/60-க்குப் போய்விட்டால் 1.67 துடிப்புதான், திரையில் நிழல் பட்டை பட்டையாக ஓடும். செட்டிநாட்டு வீடுகளில் வளவில் (நடு முற்றத்தில்) எடுக்கும்வரை இது தெரியாது, மேலிருந்து பகல் வெளிச்சம் இறங்குகிறது. உள்ளறைக்குப் போனதும் தெரிந்துவிடும். எடிட்டிங்கில் முழுதாக நீக்கவும் முடியாது. 30 ஃபிரேமில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஷட்டரையாவது 1/50-லோ 1/100-லோ நிறுத்துங்கள். ஸ்லோமோஷனுக்கு 120 ஃபிரேமை விட 100 ஃபிரேமும் 1/100 ஷட்டரும் நல்லது. மலிவான எல்இடி சரங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது; 10 நொடி எடுத்துப் பார்த்துவிடுவதே வழி. சில கேமராக்கள் பால், என்டிஎஸ்சி அமைப்பை மாற்றினால் கார்டை ஃபார்மட் செய்யச் சொல்லும். ஆகவே முகூர்த்த நேரத்தில் கை வைக்காதீர்கள், முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கேமராவை ஓடவிட ‘ரோல்’ சொல்லிச் சில நொடி பொறுத்தது டேப் வேகம் பிடிப்பதற்காக. கார்டுக்கு அது வேண்டாம். ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரியும் டிசால்வ் போட ஷாட்டின் இரு பக்கமும் 5 நொடி கூடுதலாக வேண்டும் என்பதற்காகவே அந்தப் பழக்கத்தை விடக்கூடாது.

‘ஃபீல்ட்’ வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கும் கல்யாண கேசட்டுகளோடு சேர்ந்தது. விஎச்எஸ், மினிடிவி (MiniDV என்ற சிறிய டிஜிட்டல் கேசட்) இரண்டிலும் ஒரு ஃபிரேம் என்பது இரண்டு ஃபீல்ட். ஒற்றைப்படை வரிகள் ஒன்று, இரட்டைப்படை வரிகள் ஒன்று, இடையே 1/50 நொடி. கேசட்டை ஃபைலாக மாற்றித் தருபவர் ஒரு ஃபீல்டைத் தூக்கிப் போட்டால் பாதி வரிகளும் பாதி அசைவும் போயின, திரும்பி வராது. ஃபீல்டுகளின் வரிசை மாறினால் நடந்து வருகிறவர்கள் முன்னும் பின்னும் நடுங்குவார்கள். டிவி (DV, மினிடிவி-யின் டிஜிட்டல் முறை; தொலைக்காட்சி அல்ல) ஃபைலில் கீழ் ஃபீல்ட் முதலில், எச்டி-யில் மேல் ஃபீல்ட் முதலில்; மென்பொருளில் இதைச் சரியாகக் குறித்துவிட்டு 50 ஃபிரேமாக மாற்றினால் அசைவு முழுதாகக் கிடைக்கும்.

கேசட் வைத்திருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். பிளேயரின் ஹெட் அடைத்துக்கொள்ளும், டேப்பும் கிழியலாம். மாற்றக் கொடுக்கும்போது ஃபோனில் பார்க்கும் சிறிய ஃபைலோடு, 720×576 அளவில், 25 ஃபிரேமில், இரண்டு ஃபீல்டும் அப்படியே உள்ள மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். டிவி (DV) முறையில் மணிக்குச் சுமார் 13 ஜிபி; 3 மணி நேர கேசட்டுக்கு 64 ஜிபி பென்டிரைவ் போதும்.

இப்படிக்கு,
வீடியோ படத்தொகுப்பாளர்கள் சிலர்,
காரைக்குடி.