நாகையில் கப்பலேறியவர்களின் பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அபூர்வமான போலந்துக் குடும்பப் பெயர் ஒன்று எங்கே தோன்றி எங்கெல்லாம் போனது என்று ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1795 முதல் 1918 வரை சுதந்திரப் போலந்து என்றே ஒன்று இல்லை, ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்குபோட்டுக்கொண்ட மண், ரஷ்யப் பகுதியில் 1868க்குப் பிறகு பிறப்பு இறப்பைக்கூட ரஷ்ய மொழியில்தான் பதிந்தார்கள். அப்படியும் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத்துக்கும் பிரேசிலின் பரானாவுக்கும் போனவர்களின் வாரிசுகள் இன்று பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்கிறார்கள். காரணம் தேவாலயப் பதிவேடுகள், அப்புறம் அவற்றைப் பெயர் பெயராகக் கணினியில் ஏற்றி ‘கெனெடேகா’ என்ற தளத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட தன்னார்வலர்கள்.

நம் டெல்டாவிலிருந்து போனவர்களுக்கு அந்த வழி இல்லை. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியாவில் மகன் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ (மலாய் மொழியில் ‘மகன்’ என்பதன் சுருக்கம்) போடுகிறார்கள், ஆக பேரன் காலத்திலேயே கப்பலேறிய தாத்தாவின் பெயர் அடையாள அட்டையில் இருக்காது. காரைக்காலில் ஏறி, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குப் போனவர்கள் கதை வேறு. அங்கே ராமசாமி போன்ற ஆள் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. பெயர் தங்கியது, ஊர்தான் தொலைந்தது.

இப்படிப் போனவர்களின் வாரிசுகள் தேடி வந்து எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடை டீக்கடையாக விசாரித்துவிட்டு வெறும் கையோடு திரும்புவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. பழைய பாஸ்போர்ட் இருந்தால் ஊர்ப்பெயர் இருக்கும், அதுவும் எழுதியவர் காதில் விழுந்த மாதிரி. அதைவிட நல்ல தடயம் குலதெய்வம். பெயர் தொலைத்த குடும்பம்கூட சாமியை மறப்பதில்லை, எந்த ஊர் ஐயனார், எந்த ஊர்க் காத்தவராயன் என்று தெரிந்தால் போதும், பங்காளிகளைப் பிடித்துவிடலாம்.

உங்கள் பத்திரிகையில் வாரம் கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். தேடுகிறவர்கள் கப்பலேறியவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், ஊர், குலதெய்வம் நான்கையும் எழுதட்டும். பினாங்கு முத்திரை விழுந்த கடிதத்தையோ மணியார்டர் ரசீதையோ பெட்டியில் வைத்திருப்பவர்கள் கரையான் அரிப்பதற்குள் படம் பிடித்து அனுப்பட்டும். காரைக்காலின் பிரெஞ்சுக் காலப் பதிவேடுகள் பிரான்ஸ் அரசுக் காப்பகத்தின் இணையதளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன, பிரெஞ்சு படித்த பெரியவர்கள் காரைக்காலில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் படித்துச் சொன்னால் தமிழில் தட்டச்சு செய்ய நான் வருகிறேன்.

ஒரு வாசகர்,
மயிலாடுதுறை