டோக்கியோவின் நிஷி-கசாயிலிருந்து கிளம்பும் முன்

என்னங்க,

நேரில் பேச ஆரம்பித்தால் நீங்கள் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க இங்கே எழுதுகிறேன். என்ன முடிவு, எந்தத் தேதிக்கு டிக்கெட், எந்தப் பள்ளி என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் அக்காவும் இதைப் படிப்பார் என்பதால் அவருக்கு மட்டும் ஒரு வரி: அண்ணி, சண்டை எதுவும் இல்லை. பாப்பாவின் படிப்புக்காகத்தான் நானும் அவளும் மட்டும் ஊருக்கு வருகிறோம்.

இனி உங்களுக்கு.

இன்று காலை ஃப்ரீசரைக் காலி செய்தேன். பாதி இடம் உங்கள் ஃபிலிம் ரோல்கள். 2018-இல் அக்ராஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிம் இனி வராது என்று ஃபியூஜி சொன்னதும் கடை கடையாக ஏறி வாங்கி அடுக்கினீர்களே, அதில் இன்னும் மிச்சம் இருக்கிறது. மறு வருஷமே அக்ராஸ் இரண்டு வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்த்து அன்று எவ்வளவு சிரித்தேன்! அந்த மாதக் கணக்கு வழக்கைப் பற்றி இங்கே எழுதவில்லை.

அடுக்கும்போது அந்தக் கடலோரத் தொத்தோரி மணல்மேடு ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் எழுத உட்கார்ந்தேன், அதுதான் வந்து நிற்கிறது.

பழைய 'செய்ஷுன் 18' மலிவு ரயில் டிக்கெட், அப்போது பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒரே டிக்கெட்டில் உங்களுக்கொரு முத்திரை, எனக்கொரு முத்திரை. சாதாரண ரயிலில் மாறி மாறி, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு போனோம். புகைப்படக்காரர் உயேதா ஷோஜி தன் மனைவியையும் பிள்ளைகளையும் மணலில் வரிசையாக நிறுத்தி எடுத்த படங்களை எனக்குக் காட்டி, "நம்மளும் ஒண்ணு எடுக்கலாம்" என்று ஆசையாகக் கேட்டீர்கள். அதற்காகப் புடவை கட்டிக்கொண்டு, அந்தக் கடல் காற்றில், குதிரை முதுகு என்று சொல்கிற அந்த 47 மீட்டர் மேட்டில் ஏறினேன். மார்ச் மாதக் குளிர். பாப்பா ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறாள். நீங்கள் ஆட்டோகார்டை இடுப்பளவில் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தக் கேமராவில் எங்களைப் பார்க்கவே வேண்டியதில்லை, அதற்குள் தெரிகிற கண்ணாடியைப் பார்த்தால் போதும். அதிலும் இடம் வலம் மாறித்தான் தெரியும். "கொஞ்சம் வலது பக்கம்... இல்லை இல்லை, அந்தப் பக்கம்" என்று எங்களை மணலில் நண்டு மாதிரி நகர்த்தினீர்கள்.

பன்னிரண்டு படம் முடிந்தது. ரோல் மாற்ற வேண்டும், அந்த வெட்டவெளியில் நிழலே இல்லை. நேராக என்னிடம் வந்து, என் முந்தானையை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, அதன் நிழலில் குனிந்து மாற்றினீர்கள். காலிச் சுருளைக் கீழே மாற்றிப் போட்டு, புது ரோலின் காகித நுனியை அதில் செருகி, அம்புக்குறி வரும்வரை சுற்றினீர்கள். முடிந்த ரோலின் ஒட்டுத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டினீர்கள். விரல் முனை சிவந்து போயிருந்தது. அப்போது நிமிர்ந்து "குளிருதா?" என்று கேட்டீர்கள். என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள். பாப்பாவின் மூக்கை உங்கள் சட்டைக் கையால் துடைத்துவிட்டீர்கள். ஒரு நிமிஷம் இருக்குமா?

அப்புறம் மூடியைச் சாத்திவிட்டுத் திரும்ப நடந்து போனீர்கள். தலை குனிந்துவிட்டது.

அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது. உங்கள் குழுக் கண்காட்சியில் எல்லோரும் அதன் முன்னால்தான் நின்றார்களாம். நான் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். அதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் வந்திருந்தால், அந்தப் பொம்பளை யார், எதற்காக அப்படி உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று யாராவது கேட்டிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

பள்ளி விண்ணப்பத்தை உங்களிடம் கேட்காமல் போட்டதற்கும் வருத்தம்தான். நீங்கள் வட கோடியில், ஹொக்கைடோவின் வாக்கனாய் பக்கம் பனியில் எங்கோ இருந்தீர்கள். ஃபோன் எடுக்கவில்லை. கடைசித் தேதி யாருக்காகவும் நிற்காது. இது உங்களுக்கே தெரியும். 2023 மார்ச் 31, ஹொக்கைடோவில் ருமோய் ஊருக்குப் போகும் ரயிலின் கடைசி நாள், பாப்பாவின் பிறந்தநாளும் அதுதான். "ரயிலுக்குக் கடைசி நாள் ஒண்ணுதான், பிறந்தநாள் வருஷா வருஷம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கேக்கை நாங்கள் பக்கத்து வீட்டு அம்மாவோடு வெட்டினோம்.

உயேதாவின் கதையை நீங்கள் காதல் கதையாகத்தான் சொல்வீர்கள். 1983-இல் மனைவி இறந்ததும் அவருக்குப் படமெடுக்கவே மனம் வரவில்லை. மகன்தான் ஃபேஷன் படமெடுக்கும் வேலை ஒன்றைக் கையில் கொடுத்துத் திரும்ப மணல்மேட்டுக்கு இழுத்து வந்தார். ஃபுகாசே மசாஹிசாவையும் நீங்கள்தான் சொல்லித் தந்தீர்கள். 1970-களில், வேலைக்குக் கிளம்பும் மனைவி யோக்கோவை மாடி ஜன்னலிலிருந்து நாள்தோறும் எடுத்தவர். லென்ஸ் வழியாக மட்டுமே தன்னைப் பார்த்தார் என்று அந்த அம்மா எழுதினார், பிறகு விட்டுவிட்டுப் போனார். ஃபுகாசே ஹொக்கைடோவுக்கு ரயிலேறிக் காகங்களை எடுக்க ஆரம்பித்தார். உலகம் காகங்களைக் கொண்டாடுகிறது. இரண்டு பேரையும் நீங்கள் மேதை என்பீர்கள், எனக்கும் மறுப்பில்லை. அந்த அம்மாக்கள் இருவரும் அன்றைக்கு என்ன சமைத்தார்கள், கால் வலித்ததா என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் காணோம்.

கோபமாக எழுதுகிறேனா? ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரே சுடும் நாட்களில், ஃபிலிம் கழுவும் டெவலப்பரை 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் கட்டிப் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தவளும் நான்தான். குளியலறையில் நெகட்டிவ் காய்கிறது, தூசி கிளம்பக் கூடாது என்று பாப்பாவைக் குளிக்காமலே தூங்க வைத்திருக்கிறேன். ஈரமாகத் தொங்குகிற நெகட்டிவை விளக்குக்கு எதிரே காட்டி "இங்க பாரு, நீ" என்பீர்களே, அந்தக் குரலுக்காக உட்கார்ந்திருந்தேன்.

2024 குளிர்காலத்திலிருந்து 'செய்ஷுன் 18'-ஐப் பங்கு போட முடியாது, ஒரே ஆள் தொடர்ந்து 3 நாளோ 5 நாளோ போக வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். உங்களுக்காகவே செய்த மாதிரி இருக்கிறது. போய் வாருங்கள். ஃபுகுஷிமாவின் தாதாமி ஆற்று ரயில் பாலத்தை நான்கு பருவத்திலும் எடுக்க வேண்டும் என்றீர்கள், அதை முடியுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் இங்கே இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதி, அழித்துவிட்டேன். அக்கா படிக்கிறார்.

தெர்மாமீட்டர் சிங்க்குக்கு மேல் இரண்டாம் தட்டில். ஃபிலிம் கழுவித் தீர்ந்த ஃபிக்ஸர் மருந்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து வையுங்கள். மாவு அரைத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். ரோலுக்கு இடம் வேண்டும் என்று அதைத் தூக்கி எறியக் கூடாது.

டிசம்பரில் வாருங்கள். கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வந்த முதல் இரண்டு நாள் அந்தப் பையைத் திறக்கக் கூடாது. இதற்கு மட்டும் எல்லோரும் பார்க்க, இங்கேயே, சரி என்று எழுதுங்கள்.