வீட்டுக்குள் வரும் பூச்சிமருந்துக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயலில் அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது எழுதுகிறார்கள். வீட்டுக்குள் அடிக்கும் மருந்தைப் பற்றியோ, உயிர் போன பிறகுதான் எழுதுகிறார்கள். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், எலித் தொல்லைக்காக ஆட்களை வரவழைத்து மருந்து வைத்த வீட்டில், ஏ.சி. போட்டு அறையை மூடித் தூங்கிய குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் பகுதியில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு பேச்சு அடங்கிவிட்டது. மருந்து வாங்கும் முறையும் வைக்கும் முறையும் அப்படியேதான் இருக்கின்றன. எலிக்கும் கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் மருந்து என்பது கடைசியாகக் கையில் எடுக்க வேண்டியது என்பதையும், எடுக்கும்போது அதன் பெயரும் அளவும் எழுத்தில் இல்லாமல் ஒரு துளிகூட வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பதையும் வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதிகளின் பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். கீழே கிடங்கும் மேலே குடித்தனமுமாக இருக்கும் கட்டடங்கள் ஏராளம். ஒரு வீட்டில் மருந்து வைத்தால் எலி பக்கத்து வீட்டுப் பரணுக்குப் போகிறது; மருந்து வாயுவாக மாறும் வகையாக இருந்தால், சுவர் விரிசல் வழியாக அந்த வாயுவும் போகிறது. தனி வீட்டுக்கு எழுதிய விதிமுறையை இங்கே அப்படியே பின்பற்றினாலும் ஆபத்து நீங்கிவிடாது. நடைமுறையில் அந்த விதிமுறையைக்கூட யாரும் பின்பற்றுவதில்லை.

நம் நாட்டின் பயிர்ப் பாதுகாப்புக் கொள்கை 1985-லிருந்தே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையை அடிப்படையாகக் கொண்டது. பூச்சி எது, எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்ப்பது, அது பெருக இடம் கொடுக்கும் காரணத்தை நீக்குவது, பொறி முதலிய வழிகளைக் கையாள்வது, இத்தனைக்கும் அடங்காமல் சேதம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து அடிப்பது என்பதே அதன் வரிசை. விவசாயிக்கு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் இந்த வரிசையை நகரத்துக் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

எலியையே எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருக்களில் பெருச்சாளி, வீட்டெலி, சுண்டெலி என மூன்றும் உண்டு. பெருச்சாளி சாக்கடை ஓரத்தில் மண்ணைப் பறித்து வளை போடும். வீட்டெலி ஓட்டுக்கடியிலும் குழாய் மீதும் ஏறி ஓடும். சுண்டெலி அலமாரிக்குள்ளேயே குடியிருக்கும். ஆறு மில்லிமீட்டர் இடைவெளி கிடைத்தால் சுண்டெலி உடம்பைக் குறுக்கி உள்ளே வந்துவிடும். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், கொத்தனார் பூசாமல் விட்ட வளையம் ஒன்று இருக்கும். அதன் விளிம்பு எலியின் உடம்பு உரசி உரசி எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் அதுதான் வழி. அங்கே பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசிவிட வேண்டும். துணியையோ தெர்மாகோலையோ அடைத்தால் ஓரிரு இரவில் கொறித்துவிடும். கதவின் அடி இடைவெளிக்குத் தகரப் பட்டை, சாக்கடை வாய்க்குக் கெட்டியான இரும்பு ஜாலி, இரவில் மூடிபோட்ட குப்பைத் தொட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை பொறிக்கு. எலி சுவரை ஒட்டியே ஓடும் என்பதால், பொறியை அறையின் நடுவில் வைப்பது வீண். வீட்டெலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம் அதிகம். பொறியை விசை ஏற்றாமல் கருவாடோ மசால்வடையோ வைத்துச் சில நாள் தின்னவிட்டு, பிறகு விசை ஏற்றி வைத்தால்தான் மாட்டும். "பொறி வைத்தோம், எலி சிக்கவில்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு உட்பட்ட ஒரு கட்டடத்தில், மாடிப்படிக்குக் கீழே குவிந்திருந்த பழைய சாமான்களை அகற்றித் துளைகளை அடைத்த பின், எலி மருந்து வைக்கும் தேவையே வரவில்லை.

இதையெல்லாம் செய்தும் மருந்துதான் தீர்வு என்ற நிலை வந்தால், எந்த மருந்து என்பதில்தான் உயிர் இருக்கிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. அதைத் தின்றவருக்கு முதலில் வாந்தி வரும், பிறகு தெளிந்ததுபோல் இருக்கும், சில நாளில் கல்லீரல் செயலிழக்கும்; அந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை கிடங்குகளில் தானிய வண்டுக்காக வைப்பது. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். இதற்கும் முறிவு மருந்தில்லை. அரசு அமைப்புகளும் உரிமம் பெற்ற நிறுவனங்களும் மட்டுமே, அதுவும் நிபுணர் மேற்பார்வையில், பயன்படுத்தலாம் என்று கட்டுப்பாடு உள்ள இந்த மாத்திரையை, அரிசி டப்பாவில் போட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருப்பதைக் கேட்டால் நெஞ்சு பதறுகிறது. வீட்டுக்கென்று அனுமதிக்கப்பட்ட புரோமோடயலோன் என்ற எலிமருந்துக் கேக் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் தவறுதலாக யாராவது தின்றுவிட்டால் அதை முறிக்க மருத்துவர் கொடுப்பதற்கு வைட்டமின் கே-1 இருக்கிறது.

கரப்பானுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் இதே நியாயம்தான். சமையலறைச் சிறு கரப்பானின் பெண், முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட பையை, பொரியும் தறுவாய்வரை தன்னோடே சுமந்து திரியும். கண்ட இடத்தில் ஸ்பிரே அடித்தால் அது பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறதே தவிரத் தொலைவதில்லை. கதவுக் கீலிலும் அலமாரி மூலையிலும் கரப்பான் தின்று சாகும் ஜெல்லைப் பொட்டுப் பொட்டாக வைப்பதே மேல். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் அதை அண்டாது. தரையில் கோடு போடும் கரப்பான் சாக்பீஸ், பிள்ளைகள் எழுதும் சாக்பீஸைப் போலவே இருப்பதால், குழந்தை உள்ள வீட்டில் அது இருக்கவே கூடாது என்பது என் கருத்து. மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் சந்துகளில் கொதிநீரும் நீராவியும் போதும், முட்டையும் சாகும்.

ஆனால் எங்கள் பகுதிச் சந்தையில் நடப்பது வேறு. ஒரு பிளாஸ்டிக் கேனிலிருந்து பால்போல் வெளுத்த திரவத்தை, காலியான குளிர்பான பாட்டிலில் ஊற்றி, செய்தித்தாளைச் சுற்றி, "மூட்டைப்பூச்சிக்கு இதை அடிங்க" என்று கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது என்ன என்று வாங்குபவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. முன்பு இப்படிச் சகஜமாக விற்ற டைக்குளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து, 2020 டிசம்பர் 31-உடன் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி எந்த மருந்தையும் லேபிளுடன், முத்திரை உடையாத உறையில்தான் விற்க வேண்டும். அந்த லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறமே நஞ்சின் கடுமையைச் சொல்லும்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்தது. குளிர்பான பாட்டிலில் முக்கோணம் ஏது? தவறிக் குடித்த குழந்தையை ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், என்ன நஞ்சு என்ற மருத்துவரின் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. வாந்தி எடுக்க வைக்காமல், உப்புக் கரைசல் எதுவும் புகட்டாமல், பாட்டிலையோ உறையையோ கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதை ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களின் நிலையும் திருப்தியாக இல்லை. எங்கள் அடுத்த கட்டடத்துக்கு வந்தவர்களிடம் மருந்தின் பெயரைக் கேட்டதற்கு, "வாசனையே வராத மருந்து சார்" என்பதே பதிலாகக் கிடைத்தது; ரசீதில் தொகை மட்டும் இருந்தது. வாசனை வராது என்பதும் நஞ்சில்லை என்பதும் ஒன்றல்ல. என்ன மருந்து, முக்கோணத்தின் நிறம் என்ன, எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம், எந்தப் பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது என்று நான்கு வரி தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

வேளாண் துறையின் பூச்சிமருந்து ஆய்வாளர்கள் உரக்கடைகளில் செய்யும் சோதனையை, சென்னையின் சந்தைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் செய்ய வேண்டும். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் மாநகராட்சிப் பணியாளர்களுக்குச் சிறிது பயிற்சி கொடுத்தால், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும்போதே எலி வரும் துளையையும் காட்டிவிட்டுப் போவார்கள். உரிமம் பெற்ற பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனங்களின் பட்டியலை உரிம எண்ணுடன் ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பட்டியல் வந்தால், அதன் நகலை எங்கள் பகுதியின் ஒவ்வொரு கட்டட வாசலிலும் ஒட்டும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21