மூட்டைக்கு இரண்டரை அடி மேடை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறுவடை தொடங்கிவிட்டால் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அன்றாடம் இடம்பெறுகின்றன. ஈரப்பத வரம்பு, சாக்குத் தட்டுப்பாடு, லாரி வராமல் மூட்டைகள் தேங்குவது எனப் பலவும் பேசப்படுகின்றன. அந்த மூட்டைகளை எடை போட்டு, தைத்து, அட்டியாக (ஒன்றன்மேல் ஒன்றாக) அடுக்கி, லாரியில் ஏற்றுகிற சுமைதூக்கும் தொழிலாளர்களின் முதுகைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. டெல்டா பகுதியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றுபவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

“குனியாதே, முழங்காலை மடக்கித் தூக்கு” என்ற அறிவுரையை எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியான அறிவுரைதான்; ஆனால் அதைக் கடைப்பிடிக்க வழியில்லாதபடி வேலையிடத்தை வைத்துக்கொண்டு, வலி வந்த பிறகு தொழிலாளியைக் குறை சொல்வது நியாயமல்ல. என்னிடம் வருபவர்களிடம் ஒரு தலையணையைத் தரையில் போட்டு, அதை மூட்டையாக நினைத்துத் தூக்கிக் காட்டச் சொல்வது வழக்கம். பெரும்பாலோர் இரண்டு பாதங்களையும் நகர்த்தாமல், இடுப்பிலிருந்து குனிந்து, நிமிரும்போதே உடலைப் பக்கவாட்டில் திருப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால், முன்னால் தராசும் பின்னால் அட்டியும் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது கால் எடுத்து வைத்துத் திரும்ப இடம் ஏது சார் என்கிறார்கள். குனிவதும் திரும்புவதும் ஒருசேர நடக்கும் அந்த நொடிதான் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் வட்டுகளுக்கு மிகக் கேடான நொடி.

இதன் கணக்கு எளிமையானது. முதுகை நிமிர்த்தும் தசைகள் வட்டின் நடுவிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கின்றன. 40 கிலோ நெல் மூட்டையை ஒருவர் தனியாகத் தராசிலிருந்து தூக்கும்போது, அது வட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அந்தத் தசைகள் ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு ஈடான விசையைத் தந்தாக வேண்டும். குனிந்திருக்கும் உடலின் எடை இதில் சேரவில்லை. அதே மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்கினால் இந்தச் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வட்டுகள் நீர் ஏறி உப்பியிருப்பதால், விடிந்ததும் விடியாததுமாக லாரிக்கு ஏற்றத் தொடங்குவதும் ஆபத்தானது.

சுமையின் வரம்பு என்றாலே 55 கிலோ என்ற எண்ணைத்தான் சொல்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வயது வந்த ஆண்களுக்குப் பரிந்துரைத்த உச்ச வரம்பு அது. கேரளத்தில் தலைச்சுமைத் தொழிலாளர்களுக்கு 75 கிலோவாக இருந்த வரம்பை இந்த அளவுக்குக் குறைக்க 2021-இல்தான் அந்த மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் எந்த உயரத்திலிருந்து, ஒரு நாளில் எத்தனை முறை தூக்குகிறார் என்பதை அந்த ஓர் எண் சொல்வதில்லை. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தி வெளியிட்ட கணக்கீட்டு முறை, எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோதான் என்கிறது. அந்தச் சாதகங்களில் ஒன்று, தூக்கும் பொருள் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி உயரத்தில் இருப்பது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மூட்டை பிடிக்கும் இடத்திலும் தராசின் பக்கத்திலும் இரண்டரை அடி உயரத்தில் செங்கல் மேடை கட்டித் தர வேண்டும். மேடையைச் சுற்றி ஓர் ஆள் திரும்பி நடக்க இடம் விட வேண்டும். மூட்டை ஒருமுறை மேடை ஏறிவிட்டால் பிறகு தரைக்கு இறங்கவே கூடாது. சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்டு வைத்த நம் முன்னோர், சுமையைத் தரையில் இறக்கி மறுபடி தூக்குவதுதான் ஆளை முறிக்கும் என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். லாரியில் ஏறுவதற்கு, மழை நாளில் வழுக்கும் ஒற்றைப் பலகைக்குப் பதிலாக, குறுக்குச் சட்டம் அடித்த அகலமான சாய்பலகை ஒன்றும், சமதளத்தில் தள்ளிச் செல்ல இரண்டு சக்கரக் கைவண்டிகளும் தந்தால், பாதித் தூரம் தலைச்சுமையே தேவைப்படாது.

மூட்டையின் எடையைக் குறைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. யூரியாவின் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று அரசு நினைத்தபோது, 50 கிலோ மூட்டையை 2018-இல் 45 கிலோ ஆக்கியது. மண்ணுக்காகச் செய்ய முடிந்ததை மனிதருக்காகவும் செய்யலாம். ரேஷன் அரிசியின் 50 கிலோ மூட்டையிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குபவர்கள், கைவண்டியைக் கண்டால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுவது இயல்பு. எனவே சம்பா கொள்முதல் தொடங்கும் முன்பே, இந்த வசதிகளைக் காரணம் காட்டி மூட்டைக் கூலியோ ஆள் எண்ணிக்கையோ குறைக்கப்படாது என்று அரசு எழுத்துபூர்வமாக உறுதி தந்து, அதை ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.